இலை வாரும் நாள்

எங்கள் நகரத்தில் குளிர்காலத்துக்கு வீட்டுக்கு ஒருவர் பின்வளவுத் தோட்டத்தில் இலைக்குள் படுப்பது வழக்கம். இரண்டு பேரும் படுத்தால் வாசலில் பனி அள்ள ஆள் இருக்காது. எங்கள் வீட்டில் படுப்பவர் என் கணவர் குலேந்திரன். அவருக்குக் கூரை போடும் வேலை, முதல் பனியோடு அது நின்றுவிடும். நான் பேக்கரியில் வேலை செய்கிறேன். பாண் எல்லாக் காலத்திலும் தின்னப்படுகிறது, ஆகவே எனக்குப் படுக்கை இல்லை.

கார்த்திகை பிறந்ததும் நல்ல வெயில் நாளாகப் பார்த்து அவரைப் படுக்கவைப்பேன். தலைப்பக்கம் மேப்பிள் இலை, காற்பக்கம் ஓக் இலை. ஓக் இலை தடிப்பு, கால் விறைக்காது. காய்ந்த சூரியகாந்தித் தண்டு ஒன்றை வெட்டி, உள்ளே இருக்கும் பஞ்சுபோன்ற சோற்றைக் கம்பியால் தள்ளி எடுத்துவிட்டு, வாய்க்கு நேரே நட்டுவிடுவேன். அதன் வழியாக அவர் மூச்சு விடுவார். மேலே பனி விழுந்து மூடிக்கொள்ளும். அதன் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. தண்டின் நுனியை மட்டும் பனி அடைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

படுக்கவைக்க எந்தக் கெட்டித்தனமும் தேவையில்லை. எழுப்புகிற நாளைப் பிழைவிடாமல் பிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு நாள் வெயில் அடித்ததும் விறாண்டியைத் தூக்கிக்கொண்டு இலை வார ஓடுகிறவர்கள் எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள். வெயில் மேலே அடிக்கிறது, மண்ணுக்கு அது போய்ச் சேர இன்னும் எவ்வளவோ நாள் வேண்டும். ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் பொத்திப் பார்க்க வேண்டும். உருண்டையாக நின்றால் நேரம் வரவில்லை. உதிர்ந்தால் இலையை வாரலாம். எங்கள் வளவில் மே மாதம் முடியும் தறுவாயில்தான் மண் உதிரும்.

ஒருவருக்குள் எது முதலில் வந்ததோ அதுதான் முதலில் எழும்பும். பசி முன்னுக்கு வரும். பிறகு கையும் காலும். அதன் பிறகு பேச்சு, கூடப் பிறந்தவர்கள், பள்ளிக்கூடம், தொழில். கல்யாணத்தோடு வந்தவை எல்லாவற்றுக்கும் கடைசியில் வரும். மனைவி என்பவள் மே மாதத்து ஆள்.

அடுத்த வீட்டு ஸ்டெல்லா இது தெரிந்தும் ஒரு பங்குனி மாதத்து வெயிலுக்கு மயங்கி இலையை வாரிவிட்டாள். அவளுடைய புருஷனில் பசியும் இரண்டு கைகளும்தான் வந்திருந்தன. அவர் இன்றும் அந்த வீட்டுச் சமையலறையில் இருக்கிறார். தட்டை வைத்தால் சாப்பிடுவார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். வேறு சில வளவுகளில் ஆனி மாதம் வந்த பிறகும் ஒருவரும் எழும்புவதில்லை. அங்கே புல் விதைத்துவிடுவார்கள்.

தொலைபேசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் தம்பி செத்த செய்தி ஊரிலிருந்து ஒரு காலை நேரம் தொலைபேசியில் வந்தது. எடுத்தவள் நான். அன்றிலிருந்து அந்த மணி அடித்தால் எனக்குக் கை வராது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர்தான் ஓடிப்போய் எடுப்பார். யார், என்ன என்று கேட்டுவிட்டு, தொலைபேசியின் வாங்கியை என் பக்கம் நீட்டும்போது, நான் பயப்படாமல் பேசும்படி ஒவ்வொரு முறையும் ஒன்றைச் சொல்வார்.

"ஒருதருக்கும் ஒண்டுமில்லை. கதையும்."

அதைக் கேட்ட பிறகுதான் நான் வாங்கிக் காதில் வைப்பேன். வேறு கணவர்கள் நகை வாங்கிக் கொடுத்திருக்கலாம். எனக்கு இது போதுமாக இருந்தது. அவர் இலைக்குள் படுத்த மறுநாள் தொலைபேசி வயரைக் கழற்றி வைப்பேன். அவர் எழும்பியதும் அவரே கொழுவுவார்.

அதனால் விமலாதேவி மச்சாள் ஒரு ஏப்ரல் தொடக்கத்தில் பேச வேண்டியதை நேரில் வந்து பேசினார். மச்சாள் என் கணவரின் அக்கா. அவருடைய மகள் தர்ஷிகாவுக்குக் கல்யாணம் பொருந்தியிருந்தது. சித்திரை பிறந்து அடுத்த கிழமை முகூர்த்தம்.

"ஆர் தேங்காய் உடைக்கிறது? தாய்மாமன் இல்லாமல் பிள்ளைக்குப் பாலறுகு வைக்கேலுமே?" என்று கேட்டார்.

"மண் இன்னும் காயேல்லை மச்சாள். மே முடியட்டும்."

"மே முடிய மண்டபம் இல்லை. மண்டபம் இருக்கிற நேரம் முகூர்த்தம் இல்லை."

கைப்பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்து மேசையில் விரித்தார். வருடப் பிறப்பன்று, மூலிகை அவித்த மருத்துநீரைத் தலையில் வைத்து முழுகும் நேரம் அதில் போட்டிருந்தது. முழுகும்போது தலைக்கு ஒரு இலை, காலுக்கு ஒரு இலை வைப்பது ஊர் வழக்கம். எந்த இலை என்பதும் போட்டிருந்தது. மச்சாள் அந்த வரியில் விரலை வைத்தார்.

"பார். தலைக்கு இலை, காலுக்கு இலை. நீ கார்த்திகையில வைச்சதும் இதுதானே? நேரமும் போட்டுக் கிடக்கு. ஆளை எழுப்புறதுக்கு இதைவிட என்ன வேணும்?"

"அது ஊர் மண்ணுக்குப் போட்ட நேரம் மச்சாள்."

"மண்ணைப் பாத்தே வருசம் பிறக்குது?"

நான் பின்கதவைத் திறந்தேன். இருவரும் பின்வளவுக்குப் போனோம். வேலி ஓரத்தில் பனி இன்னும் அழுக்காகக் கிடந்தது. இலைகள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மச்சாள் சேலையை ஒதுக்கிக்கொண்டு முழங்காலில் நின்று சூரியகாந்தித் தண்டில் வாயை வைத்தார்.

"தம்பி, நான் ஆர்?"

கொஞ்ச நேரம் கழித்துத் தண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "அக்கா."

"தர்ஷிகா ஆர்?"

அதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்தது. "அக்காவின்ரை பிள்ளை."

மச்சாளுக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டார். நானும் முழங்காலில் இருந்தேன்.

"நான் ஆர்?" என்று கேட்டேன்.

மூச்சு மட்டும் வந்து போனது. குரலைத் தெரியாமல் இருக்கலாம் என்று என் பெயரையும் சொன்னேன். சுகிர்தா, சுகிர்தா என்று இரண்டு முறை சொன்னேன்.

"மன்னிக்க வேணும். தெரியேல்லை" என்றது தண்டு.

மச்சாள் என் தோளைத் தட்டினார். "எங்களுக்கு இவ்வளவும் போதும்" என்றார். அவர் பொல்லாத மனுஷி இல்லை. தனக்குத் தேவையானது எழும்பிவிட்டது, மற்றதற்கு ஏன் காத்திருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கில் பிழை இருக்கவில்லை, நான்தான் அதில் இருக்கவில்லை.

வருடப் பிறப்பன்று காலையில் மச்சாளும் அவர் புருஷன் பரராசசிங்கம் அண்ணையும் வந்தார்கள். கோயிலிலிருந்து மருத்துநீர் போத்தலில் கொண்டுவந்திருந்தார்கள். நான் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பொத்திப் பார்த்தேன். உருண்டையாக நின்றது, என் விரல் அடையாளங்கூட அதில் பதிந்திருந்தது. அதை மச்சாளிடம் காட்டினேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். கொட்டிலுக்குள் போய் விறாண்டியை எடுத்துக் கொடுத்தது நான்தான். ஒரு குளிர்காலம் முழுக்கத் தனிய இருந்துவிட்டேன். தெரியாத ஆளாக வந்தாலும் அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

அண்ணை இலையை வாரினார். முதலில் கை தெரிந்தது, பிறகு தோள். மருத்துநீரைத் தலையில் வைத்ததும் குலேந்திரன் எழும்பி உட்கார்ந்தார். தாடி வளர்ந்திருந்தது. அக்காவைப் பார்த்துச் சிரித்தார். அத்தானைப் பார்த்துத் தலையாட்டினார். என்னைப் பார்த்ததும் இடுப்புச் சாரத்தை ஒழுங்காகக் கட்டிக்கொண்டார், அந்நியப் பெண்ணுக்கு முன்னால் ஆண்கள் செய்வதுபோல.

அவர்கள் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வாரிய இலைகளை நான் கடதாசிப் பைகளில் அடைத்து தெரு ஓரத்தில் வைத்தேன். ஒரு பை மற்றவற்றைவிடப் பாரமாக இருந்தது. ஈர இலை என்று நினைத்தேன். அதை மட்டும் இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத்தான் தூக்க முடிந்தது. நகரசபை லொறி வந்து எல்லாப் பைகளையும் ஏற்றிக்கொண்டு போனது.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. பட்டு வேட்டி கட்டி அவர் வந்து நின்றபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தார். ஒரே அடியில் தேங்காயை உடைத்தார். சரிபாதியாக விழுந்தது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். தர்ஷிகாவின் தலையில் பாலையும் அறுகம்புல்லையும் வைத்துவிட்டு அவளுடைய கன்னத்தைத் தடவினார். தூக்கி வளர்த்த பிள்ளை அல்லவா, அவளை அவருக்கு நன்றாகவே தெரிந்தது. பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் எழும்பிப் போக, குலேந்திரன் வந்து இருந்தார். பாயசத்தை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்.

"நீங்கள் மாப்பிள்ளை பகுதியோ?"

"இல்லை" என்றேன். "பொம்பிளை பகுதி."

"அப்ப சொந்தக்காரர்தான்" என்று சொல்லிச் சாப்பிடத் தொடங்கினார்.

அவருடைய உடுப்புகள் எங்கள் வீட்டில் இருந்ததால் கல்யாணம் முடிந்து இங்கே வந்தார். வீடு எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு வாங்கியது. கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டார். காட்டினேன். தொலைபேசி வயரைப் பார்த்தவர், இது ஏன் கழன்று கிடக்கிறது என்று சொல்லித் தானே கொழுவினார். எனக்கு ஒரு நிமிடம் உயிர் வந்ததுபோல் இருந்தது. மறுநாள் காலையில் மணி அடித்தது. நான் வழக்கம்போல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் எடுத்தார், யார் என்று கேட்டார், வாங்கியை என்னிடம் நீட்டினார்.

"உங்களுக்கு" என்றார்.

நான் வாங்கவில்லை. அவர் காத்திருந்தார். பிறகு வாங்கியை மேசையில் மெதுவாக வைத்துவிட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். கூரை வேலை எங்கள் கல்யாணத்துக்கு முன்பே பழகியது. வாங்கிக்குள் யாரோ ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அது ஓய்ந்ததும் நான் வயரைக் கழற்றினேன்.

ஆனி மாதத்தில் அவர் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே எல்லோரையும் தெரியும், இங்கே இருப்பது அவருக்குக் கூச்சமாக இருந்தது. வாசலில் பெட்டியோடு நின்று, "இவ்வளவு நாளும் வைச்சுப் பாத்ததுக்குப் பெரிய உபகாரம்" என்றார். நான் பரவாயில்லை என்றேன். கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

இலைகளை உரமாக்கும் எங்கள் நகரசபையின் பசளைக் குவியல் நல்ல சூடு. சித்திரையில் போட்ட இலை ஆனிக்குள் மண்ணாகிவிடும். அதைப் பூங்காவில் கொட்டி, வேண்டியவர்கள் அள்ளிக்கொண்டு போகலாம் என்று சொல்வார்கள். சனம் வாளியோடு வரும். அந்த முறையும் வந்தது. தக்காளிக்குப் போட்டார்கள், மிளகாய்க்குப் போட்டார்கள்.

ஆவணியில் ஒரு நாள் நான் வேலிப்பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா தன் செடியிலிருந்து ஒரு தக்காளியைப் பிடுங்கித் தின்றபடி என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது.

"ஃபோன் வயரைக் கொழுவும்" என்றாள். "ஒருதருக்கும் ஒண்டுமில்லை."

நான் உள்ளே போய் வயரைக் கொழுவினேன்.

மறுநாள் காலையிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. மணி அடிக்கும்போது ஸ்டெல்லா வேலியால் எட்டி, எடும், ஒருதருக்கும் ஒண்டுமில்லை என்று சொல்வாள், நான் எடுப்பேன். பேசியவர்கள் ஒருவரையும் எனக்குத் தெரியாது. அவர்களுக்கு என்னைத் தெரிந்திருந்தது, ஆனால் ஆளுக்குக் கொஞ்சம்தான். அவரவர் தோட்டத்தில் போட்ட பசளையின் அளவுக்குத்தான் தெரியும். வடக்குத் தெருவில் இருக்கும் பஸ் சாரதிக்கு என் இடது முழங்கால் வலி மட்டும் தெரியும். தினமும் எண்ணெய் பூசினீரா என்று கேட்டு வைத்துவிடுவார். ஒரு பல் வைத்தியருக்கு நான் பாணின் அடித்துண்டைத்தான் விரும்பித் தின்பேன் என்பது தெரியும். வயலின் படிப்பிக்கும் ஒரு அம்மாவிடம் எனக்கும் என் கணவருக்கும் நடந்த பழைய சண்டை ஒன்று மட்டும் போய்ச் சேர்ந்திருந்தது. முதல் இரண்டு கிழமையும் அவர் கோபமாகவே பேசினார். அந்தச் சண்டையில் பிழை என்னுடையதுதான். மூன்றாம் கிழமை ஒத்துக்கொண்டேன். அதன் பிறகு அவருடைய குரல் தணிந்தது.

இப்படி நகரம் முழுவதும் அவர் துண்டு துண்டாக இருந்தார். ஒரு இடத்தில் இருந்த அவரை நான் இத்தனை பேரிடமிருந்து பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருந்தது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. இரவு சாப்பாட்டுக்கு ஒருவரும் வருவதில்லை.

கார்த்திகை வந்தது. பனிக்கு முந்திய ஒரு மத்தியானம் பஸ் சாரதி தலையணையோடு வந்து வாசலில் நின்றார். இந்த முறை உங்கள் வளவில்தான் படுக்க வேண்டும் போல் இருக்கிறது என்றார். பின்னால் பல் வைத்தியரை அவர் மனைவி காரில் கொண்டுவந்து இறக்கினாள். பின் இருக்கையில் அவர்களுடைய குழந்தை, பிறந்து சில நாளே ஆனது, இருந்தது. வயலின் அம்மா வந்தார். இன்னும் பலர் வந்தார்கள். ஸ்டெல்லா வேலியைத் தாண்டி வந்து நடுவில் படுத்தாள், தன் புருஷனுக்குத் தட்டு வைக்கும் வேலையை என்னிடம் தந்தாள். எங்கள் மேப்பிள் இலை போதவில்லை. தெருவெல்லாம் போய் வாரிக்கொண்டுவந்து எல்லோருக்கும் தலைக்கும் காலுக்கும் போட்டேன். சூரியகாந்தித் தண்டுகளை நட்டு முடித்தபோது வளவு அறுவடை முடிந்த வயல் மாதிரி இருந்தது. அன்றைக்கே வயரைக் கழற்றி வைத்தேன்.

ஏப்ரல் மாதம் வெயில் அடித்தது. வீட்டார்கள் விறாண்டிகளோடு வந்து வேலிக்கு வெளியே நின்றார்கள். பஸ் சாரதியின் மனைவி தண்டில் வாயை வைத்துத் தன் பெயரைக் கேட்டாள். தண்டு உடனே சொன்னது. நான் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டேன். தண்டு பேசாமல் இருந்தது. அவர்களுக்கு நான் போன ஆவணியில் வந்த ஆள். நான் எழும்ப மே மாதம் முடிய வேண்டும்.

பல் வைத்தியரின் மனைவியிடம் மட்டும் மண்ணை உருட்டிக் காட்டினேன். "பொறுங்கோ. பிள்ளை கடைசியாகத்தான் வந்தது" என்றேன்.

அவளுக்குச் சோர்வாக இருந்தது. குளிர்காலம் முழுக்கத் தனியாகக் குழந்தையைத் தூக்கி வைத்திருந்தவள். "எனக்கு ஒரு ஆள் வந்தால் போதும்" என்றாள்.

அந்த வார்த்தையை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். விறாண்டியை எடுத்துக் கொடுத்தேன். எல்லோருக்கும் ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன். ஆளைக் கொண்டுபோகலாம், ஒரு இலையும் இந்த வளவைவிட்டுப் போகக்கூடாது. அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவராக எழுப்பி, உடம்பில் ஒட்டிய இலைகளை இங்கேயே தட்டிவிட்டு, கூட்டிக்கொண்டு போனார்கள். பல் வைத்தியர் காரில் ஏறும்போது, யாருடைய பிள்ளை என்று மனைவியிடம் கேட்டார். ஸ்டெல்லாவை நானே எழுப்பி, உடுப்பைத் தட்டி, வேலி தாண்ட உதவி செய்தேன். அவள் நன்றி என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எல்லோரும் போன பிறகு எல்லா இலைகளையும் நடுவில் ஒரே குவியலாகக் குவித்தேன்.

நகரசபை லொறி வாசலில் நின்று ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது. நான் பைகளை வெளியே வைக்கவில்லை. குவியலுக்குள்ளிருந்து சில நேரம் தாலாட்டு கேட்கும். அது பல் வைத்தியருடையது. அவருடைய மனைவி பின்னேரங்களில் குழந்தையைக் கொண்டுவந்து குவியலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்காருவாள். நான் தேநீர் கொடுப்பேன்.

மே மாதம் முடிகிற கிழமை. ஒரு பிடி மண்ணை எடுத்துப் பொத்திக் கையை விரித்தேன். உதிர்ந்தது. ஆனாலும் இலையை வாரவில்லை. உள்ளே போய்த் தொலைபேசி வயரைக் கொழுவினேன். அது நீளமான வயர். தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்து குவியலின் மேல் வைத்துவிட்டு, மச்சாளின் வீட்டுப் பக்கம் பார்த்தபடி படியில் உட்கார்ந்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

மணி அடித்தது. என் கை வரவில்லை. இரண்டாம் முறை அடிக்கும்போது இலைகள் அசைந்து, வாங்கி குவியலுக்குள் போனது. உள்ளே கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. பிறகு வாங்கி மட்டும் இலைகளை விலக்கிக்கொண்டு என் பக்கம் நீண்டது.

"ஒருதருக்கும் ஒண்டுமில்லை. கதையும்."

வாங்கிக் காதில் வைத்தேன். மச்சாள்தான்.

"ஆர் உங்கை வீட்டில ஃபோன் எடுத்தது?" என்று கேட்டார். பின்னால், மச்சாளின் வீட்டில், குலேந்திரன் சாப்பிட்டுக்கொண்டு யாருடனோ பேசும் சத்தம் கேட்டது.

"இவர்தான்" என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, தர்ஷிகாவுக்கு வயிற்றில் பிள்ளை என்ற செய்தியைச் சொல்லத் தொடங்கினார்.